செம்பையும் இரும்பையும் கரைத்த பாலா?

கானாடுகாத்தான் பக்கத்திலிருந்து ஓர் இளம் தாய் கேட்டிருக்கும் கேள்வியைச் சுருக்கித் தருகிறேன். குழந்தைக்கு மூன்று மாதம்; நிறைமாதத்தில் பிறந்தது. அடுத்த மாதம் வேலைக்குத் திரும்ப வேண்டியிருப்பதால் காலையும் இரவும் தாய்ப்பால், பகலில் ஃபார்முலா பால் என்று மருத்துவர் சொல்லியிருக்கிறார். டப்பாவின் முதுகில் இரும்பு, துத்தநாகம், செம்பு, மாங்கனீசு, செலினியம் என்று அச்சிட்டிருப்பதைப் படித்துக் காட்டியபோது குழந்தையின் அப்பத்தா, "பச்சப் புள்ளைக்குச் செம்பையும் இரும்பையுமா கரைச்சு ஊத்துவாக? பசும்பாலைத் தண்ணி விளாவிக் காய்ச்சிக் குடுத்து வளத்த புள்ளைகதானே நீங்கள்லாம்" என்று மறித்துவிட்டார். அந்தப் பாலைக் காய்ச்சுவதற்கென்று, சீராக வந்த பித்தளைச் சட்டியும் பரணிலிருந்து இறங்கிவிட்டதாம். வீட்டில் புழங்குவது ஆழ்குழாய்த் தண்ணீர். இந்த உலோகங்களால் தீங்கு உண்டா, பசும்பால் மேலானதா, எந்த டப்பாவில் உலோகங்கள் சரியான அளவில் இருக்கின்றன என்பவை கேள்விகள்.

விடையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். டப்பாவில் எழுதியிருக்கும் உலோகங்கள் குழந்தைக்கு வேண்டியவை. அவற்றை அளந்து போட்டிருக்கிறார்கள். எழுதாத உலோகங்கள்தான் கவலைக்குரியவை. அவை பாத்திரத்திலிருந்தும் தண்ணீரிலிருந்தும் வருகின்றன, அவற்றை யாரும் அளப்பதில்லை. ஆகவே அப்பத்தாவின் அச்சம் நியாயமானது, ஆனால் அது டப்பாவின் மேல் விழுந்திருக்கிறது. பித்தளைச் சட்டியின் மேல் விழுந்திருக்க வேண்டும். நான் மருத்துவர் அல்லேன். பகுப்பாய்வு வேதியியலைக் கல்லூரியில் பல ஆண்டுகள் கற்பித்து ஓய்வு பெற்றவன். மருந்து, சொட்டு மருந்து ஆகியவற்றின் அளவை உங்கள் குழந்தை மருத்துவரே முடிவு செய்ய வேண்டும். உலோகம் எங்கிருந்து வருகிறது, எவ்வளவு வருகிறது, எவ்வளவு உடலில் ஒட்டுகிறது என்பதை மட்டும் நான் சொல்கிறேன்.

இந்த உலோகங்கள் எதற்கு என்பதைச் சற்று வேகமாகக் கடந்துவிடலாம். இரும்பு இல்லாமல் இரத்தத்தின் செம்பொருளான ஹீமோகுளோபின் உருவாகாது. மூளை நரம்புகளின் மேலுறை வளர்வதற்கும் அது வேண்டும். துத்தநாகம் முந்நூறுக்கும் மேற்பட்ட நொதிகளில் இருக்கிறது. உயரமும் எடையும் கூடுவதற்கும், தோல் ஆறுவதற்கும், தொற்றை எதிர்ப்பதற்கும் தேவை. செம்பு, சேமிப்பிலுள்ள இரும்பை இரத்தத்துக்குள் எடுத்துவிடும் வேலையில் பங்கேற்கிறது. எலும்பையும் இரத்தக் குழாயையும் உறுதியாக்கும் நார்ப்புரதத்தைப் பிணைப்பதும் அதைச் சார்ந்ததே. மாங்கனீசு மிகமிகச் சிறிதளவே தேவை. செலினியமும் அயோடினும் உலோகங்கள் அல்ல என்றாலும் அதே பட்டியலில்தான் அச்சிடப்படுகின்றன. குரோமியம், மாலிப்டினம் இரண்டும் சாதாரணமாக வளரும் குழந்தைக்குக் குறைந்து போவது அரிதினும் அரிது. அவற்றை இங்கே விட்டுவிடுகிறேன்.

இனி, அளவு எங்கிருந்து வந்தது என்று பார்க்க வேண்டும். முதல் ஆறு மாதத்துக் குழந்தை ஒரு நாளில் சராசரியாக 0.78 லிட்டர் தாய்ப்பால் குடிக்கிறது என்று கணக்கு வைத்து, அந்தப் பாலில் உள்ளதையே "போதுமான அளவு" என்று அமெரிக்க ஊட்டச்சத்து வல்லுநர்கள் எடுத்துக்கொண்டார்கள். லிட்டருக்கு 0.35 மில்லிகிராம் இரும்பு, ஆகவே நாளுக்கு 0.27 மில்லிகிராம், இதே முறையில் துத்தநாகம் 2 மில்லிகிராம், செம்பு 200 மைக்ரோகிராம், மாங்கனீசு வெறும் 3 மைக்ரோகிராம். ஒரு மைக்ரோகிராம் என்பது ஒரு கிராமைப் பத்து லட்சமாகப் பங்கிட்டால் வரும் ஒரு பங்கு. நம் வீட்டுச் சமையலறையில் எந்தக் கரண்டியாலும் அளக்க முடியாத அளவு இது என்பதை நினைவில் வைத்துக்கொண்டால், மேலே சொல்லப்போவது எளிதாக விளங்கும்.

தாய்ப்பாலில் இவ்வளவு குறைவாக இரும்பு இருக்க, டப்பாவில் ஏன் பல மடங்கு போடுகிறார்கள் என்ற ஐயம் இயல்பாக எழும். காரணம் ஒட்டுதல். தாய்ப்பாலின் இரும்பில் பாதியளவு வரை குழந்தையின் குடல் ஏற்றுக்கொள்கிறது என்று நெடுநாளாகச் சொல்லப்பட்டு வருகிறது; ஃபார்முலாவில் சேர்க்கும் ஃபெரஸ் சல்பேட் என்னும் இரும்பு உப்பிலிருந்து ஏறுவது ஏறத்தாழப் பத்தில் ஒரு பங்கோ அதற்கும் குறைவோதான். அதையும் கூட்டுவதற்காகவே வைட்டமின் சி சேர்க்கிறார்கள். தாய்ப்பாலில் லாக்டோஃபெரின் என்ற புரதம் இரும்பைப் பற்றிக்கொண்டு, தீங்கு செய்யும் கிருமிகளுக்கு அது கிடைக்காமல் பார்த்துக்கொள்கிறது. டப்பாப் பாலில் அந்தக் காவல் அவ்வளவாக இல்லை. ஆகவே அளவைக் கூட்டினால் நல்லது என்றும் எடுத்துக்கொள்ள முடியாது.

உங்கள் டப்பாவைப் படிக்க ஓர் எளிய வழி உண்டு. சர்வதேச உணவு நெறியான கோடெக்ஸ், உலோகங்களின் அளவை நூறு கிலோ கலோரிக்கு (பேச்சு வழக்கில் நூறு கலோரிக்கு) இவ்வளவு என்று சொல்கிறது. நம் ஊர் டப்பாக்களில் பெரும்பாலும் நூறு கிராம் மாவுக்கு இவ்வளவு என்று அச்சிடுகிறார்கள். நூறு கிராம் மாவில் ஏறக்குறைய ஐந்நூறு கிலோ கலோரி இருக்கும் என்பதால், அச்சிட்ட எண்ணை ஐந்தால் வகுத்தால் போதும். கோடெக்ஸ் கேட்கும் குறைந்த அளவு இரும்பில் 0.45 மில்லிகிராம், துத்தநாகத்தில் 0.5 மில்லிகிராம், செம்பில் 35 மைக்ரோகிராம், மாங்கனீசில் 1 மைக்ரோகிராம். மேல் எல்லையாக வழிகாட்டுவது துத்தநாகத்துக்கு 1.5 மில்லிகிராம், செம்புக்கு 120 மைக்ரோகிராம், மாங்கனீசுக்கு 100 மைக்ரோகிராம். நூறு கிராம் மாவில் 5 மில்லிகிராம் இரும்பு என்று போட்டிருந்தால், நூறு கலோரிக்கு 1 மில்லிகிராம். கரைத்த பாலில் லிட்டருக்கு 6 முதல் 7 மில்லிகிராம். அது நல்ல நடு அளவு.

நடு அளவு என்று நான் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியம் பசும்பால் புரதத்தில் செய்த ஃபார்முலாவுக்கு நூறு கலோரிக்கு 0.3 முதல் 1.3 மில்லிகிராம் வரை மட்டுமே இடம் தருகிறது. அமெரிக்கச் சட்டம் 3 மில்லிகிராம் வரை விடுகிறது, அங்கே விற்பவற்றில் லிட்டருக்கு 12 மில்லிகிராம் வரை இருப்பது வழக்கம். ஒரே பிள்ளை, ஒரே குடல். கடல் கடந்தால் அளவு இரட்டிப்பாகிறது. சிலி நாட்டின் சான்டியாகோவில், ஆறு மாதத்தில் இருந்து ஒரு வயது வரை லிட்டருக்கு 12.7 மில்லிகிராம் இரும்பிட்ட பாலும் 2.3 மில்லிகிராம் மட்டும் உள்ள பாலும் பெற்ற குழந்தைகளைப் பத்து வயதில் சோதித்துப் பார்த்து, முடிவை 2012இல் வெளியிட்டார்கள். அதிக இரும்பு பெற்றவர்கள் சராசரியில் சற்றுக் குறைவாகவே மதிப்பெண் பெற்றார்கள். ஆறு மாதத்தில் இரத்தம் நன்றாக இருந்த பிள்ளைகளிடம் அந்தக் குறைவு தெளிவாகத் தெரிந்தது, இரத்தம் குறைந்திருந்த பிள்ளைகளுக்கோ அதே இரும்பு நன்மை செய்திருந்தது. ஒரே ஒரு சோதனையை வைத்து ஊரைக் கூட்டக்கூடாது என்றாலும், இரும்பு வேண்டிய பிள்ளைக்கும் வேண்டாத பிள்ளைக்கும் ஒரே அளவை ஊற்றக்கூடாது என்பதை நான் இதிலிருந்து எடுத்துக்கொள்கிறேன். "அதிக இரும்பு" என்று பெரிய எழுத்தில் போட்ட டப்பாவைத் தேடிப் போக வேண்டாம்.

பசும்பாலுக்கு வருவோம். தண்ணீர் விளாவிய பசும்பாலில் வளர்ந்தவர்கள் நம்மில் பலர் என்பது உண்மை. வளர்ந்தவர்கள்தானே இப்போது பேசுகிறோம், வளராமல் போனவர்கள் பேச வரமாட்டார்கள். பசும்பாலிலும் இரும்பு தாய்ப்பாலைப் போலவே சொற்பம்தான், ஆனால் அதிலிருந்து ஏறுவது மிகக் குறைவு. பாலில் நிறைந்திருக்கும் கால்சியமும் கேசின் புரதமும் தடுக்கின்றன. ஒரு வயதுக்கு முன் முழுப் பசும்பால் கொடுத்தால் சில குழந்தைகளின் குடலில் கண்ணுக்குத் தெரியாத அளவில் இரத்தம் கசிகிறது. வருவதும் குறைவு, இருப்பதும் போகிறது என்ற நிலை. தண்ணீர் கலந்தால் புரதமும் உப்பும் குறையும், அத்துடன் கலோரியும் துத்தநாகமும் செம்பும் குறைந்துவிடும். பசும்பாலை ஒரு வயதுக்குப் பிறகு கொடுங்கள் என்று அப்பத்தாவிடம் சொல்லலாம். அவர் பசுவைக் குறை சொன்னதாக எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை.

துத்தநாகத்தில் தாய்ப்பாலுக்கு ஒரு தனி நடை உண்டு. பிறந்த புதிதில் லிட்டருக்கு நான்கு மில்லிகிராம் அளவில் இருப்பது மாதங்கள் போகப் போகக் குறைந்து, ஆறாம் மாதத்தில் ஒன்றைச் சற்றே தாண்டிய அளவுக்கு வந்துவிடும். ஆறு மாதத்துக்குப் பின் இணை உணவு வேண்டும் என்று சொல்வதன் பின்னே இரும்பு மட்டுமல்ல, இந்தச் சரிவும் இருக்கிறது. குடலில் துத்தநாகத்தை ஏற்றிச் செல்லும் புரதம் பிறவியிலேயே பழுதான சில குழந்தைகளுக்கு, தாய்ப்பாலை நிறுத்திப் பசும்பாலுக்கு மாற்றிய சில வாரங்களில் வாயைச் சுற்றியும் ஆசனவாயைச் சுற்றியும் புண் வந்து, முடி கொட்டி, வயிற்றுப்போக்கு நிற்காமல் போகும். 1970களில் துத்தநாகம் கொடுத்தால் அது குணமாகிறது என்று தெரியும் வரை, தாய்ப்பாலைத் திரும்பக் கொடுப்பது ஒரு மருந்தாகவே இருந்தது. அது மிக அரிய நோய். உங்கள் குழந்தைக்கு அது இருக்கும் என்று நினைக்க வேண்டாம். சோயாப் புரதத்தில் செய்த ஃபார்முலாவில் ஃபைட்டேட் என்னும் பொருள் துத்தநாகத்தையும் இரும்பையும் கட்டிப்போடும், அதனால் அதில் கூடுதலாகச் சேர்க்கிறார்கள். மருத்துவர் சொல்லாமல் சோயா வகைக்கு மாறக் கூடாது. அதில் மாங்கனீசும் அதிகம்.

இப்போது செம்புக்கு வருகிறேன். நம் பக்கத்து வீடுகளை எண்ணினால் இங்கேதான் நான் நிதானமாகப் பேச வேண்டும்.

செம்பு குறைந்தாலும் தீமை. 1964இல் பெரு நாட்டில், ஊட்டமின்றி வந்த குழந்தைகளைப் பாலையே பிரதானமாகக் கொடுத்துத் தேற்றும்போது, இரும்பு கொடுத்தும் சரியாகாத சோகையும், வெள்ளணுக் குறைவும், எலும்பு மாற்றமும் கண்டு, அது செம்புக் குறைவு என்று முதன்முதலாக எழுதினார்கள். பசும்பாலில் செம்பு மிகவும் குறைவு என்பது அதற்குக் காரணம். ஆகவேதான் டப்பாவில் செம்பைச் சேர்க்கிறார்கள். நூறு கலோரிக்கு 35 முதல் 120 மைக்ரோகிராமுக்குள் என்று கயிறு கட்டி வைத்திருக்கிறார்கள்.

மிகுந்தால் வரும் தீமை நம் நாட்டில் பெரிது. ஒரு காலத்தில் பெரியவர்கள் ஈரல் குலைக்கட்டி என்று பயந்து சொன்ன நோய், மருத்துவ நூல்களில் இந்தியக் குழந்தைப் பருவக் கல்லீரல் சுருக்க நோய். ஆறு மாதம் முதல் சில வயது வரையுள்ள குழந்தைகளுக்கு வரும். வயிறு உப்பி, கல்லீரல் கல்லைப்போல் இறுகி, மஞ்சள் காமாலை கண்டு, பெரும்பாலும் பிழைக்காது. இறந்த பிள்ளைகளின் கல்லீரலில் செம்பு குவிந்து கிடந்தது. 1983இல் புனேயில் இருந்து வந்த ஆய்வு, இப்பிள்ளைகளில் பெரும்பாலோருக்குச் சின்ன வயதிலேயே பித்தளை அல்லது செப்புப் பாத்திரத்தில் காய்ச்சி வைத்திருந்த விலங்குப் பால் ஊட்டப்பட்டிருந்ததைக் காட்டியது. பாலின் கேசின் புரதம் பாத்திரத்தின் செம்பைப் பிடித்து இழுத்துக்கொள்ளும். நெடுநேரம் வைத்திருந்தால் மேலும் இழுக்கும். பிறந்த குழந்தையின் கல்லீரலில் இயற்கையாகவே செம்பு சேமிப்பு அதிகம். பித்தத்தின் வழியே வெளியேற்றும் வேலை இன்னும் முதிராதது. வெளியே போகும் வாசல் குறுகலாக இருக்கையில் உள்ளே வருவது பெருகினால் என்ன ஆகும் என்பதை விளக்க வேண்டியதில்லை.

ஆஸ்திரியாவின் டிரோல் மலைப்பகுதியில் 1900 முதல் 1974 வரை 138 குழந்தைகள் இதே போன்ற நோயில் இறந்தார்கள் என்று 1996இல் ஒரு கட்டுரை வந்தது. அங்கும் ஈயம் பூசாத செப்புப் பாத்திரத்தில் காய்ச்சிய பசும்பால். பாத்திரம் மாறியதும் நோயும் போயிற்று. இரண்டு இடத்திலும் எல்லாப் பிள்ளைகளும் நோயுறவில்லை; மரபில் ஏதோ ஒரு பலவீனமும் சேர வேண்டும் என்று கருதுகிறார்கள். ஆனால் எந்தப் பிள்ளைக்கு அந்தப் பலவீனம் என்பதைச் சட்டியை அடுப்பில் ஏற்றும் முன் யாரும் அறிய முடியாது. நம் நாட்டில் பித்தளையின் இடத்தை எவர்சில்வர் பிடித்துக்கொண்ட பிறகு இந்த நோய் ஏறக்குறைய மறைந்துவிட்டது. இன்றைய இளம் மருத்துவர்களில் பலர் இதை நேரில் கண்டிருக்க மாட்டார்கள்.

பழைய வீடுகளில் பித்தளையை அப்படியே பாலுக்குப் பயன்படுத்தவில்லை என்பதையும் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் முன்னோருக்கு அநியாயம் செய்தவனாவேன். என் ஆயா வீட்டு முற்றத்தில், ஆண்டுக்கு ஓரிரு முறை ஈயம் பூசுகிறவர் வந்து குழி தோண்டித் துருத்தி வைத்து, கரி நெருப்பில் பாத்திரத்தைக் காய்ச்சி, நவச்சாரத்தைத் தூவிப் புகை எழும்போது ஈயத்தைப் பஞ்சால் துடைத்துப் பளபளவென்று பூசிவிடுவார். அந்த வெள்ளைப் பூச்சுதான் பாலுக்கும் செம்புக்கும் இடையே நின்றது. பூச்சு தேய்ந்து மஞ்சள் தெரிந்தால் பால் சட்டியை எடுத்து வைத்துவிடுவார்கள். காரணம் சொல்லத் தெரியாவிட்டாலும் வழக்கம் சரியாகவே இருந்தது. பரணில் இருந்து இறங்கியிருக்கும் உங்கள் சட்டிக்குக் கடைசியாக எப்போது பூசினார்கள் என்று கேட்டுப் பாருங்கள். அநேகமாக யாருக்கும் நினைவிருக்காது.

"அப்படியானால் இப்போது பூசிவிடலாமே" என்று கேட்பார்கள். அங்கே ஒரு மொழிச் சிக்கல் இருக்கிறது. ஈயம் என்ற ஒரே சொல்லுக்குள் நாம் மூன்று உலோகங்களை அடைத்து வைத்திருக்கிறோம். ரசத்துக்குப் புகழ்பெற்ற ஈயச் சொம்பு வெள்ளீயம். அது பெரும் தீங்கு செய்யாது. காரீயம் நஞ்சு. அலுமினியச் சட்டியையும் தென்மாவட்டங்களில் ஈயச் சட்டி என்போம். பூசும் ஈயத்தில் விலை மலிவுக்காகக் காரீயம் கலந்திருந்தால், வெளியில் பார்த்துக் கண்டுபிடிக்க வழியில்லை. காரீயத்துக்கு இதுதான் பாதுகாப்பான அளவு என்று ஒன்றே இல்லை என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் நிலை. பெரியவர்கள் உண்ணும் காரீயத்தில் பத்தில் ஒரு பங்கு ஏறினால், கைக்குழந்தைக்குப் பாதியளவு ஏறிவிடும். இரும்பு குறைந்த குழந்தைக்கு இன்னும் எளிதாக ஏறும். கோடெக்ஸ் 2014இல் கரைத்த ஃபார்முலாவில் காரீயத்தின் எல்லையைக் கிலோவுக்கு 0.02 மில்லிகிராமில் இருந்து 0.01 ஆகக் குறைத்தது. ஆலை அந்த எல்லைக்குள் மாவை அனுப்பி, நாம் அதை ஐயத்துக்குரிய பாத்திரத்தில் கரைத்தால் என்ன பயன்? ஆகவே பூசினாலும் பூசாவிட்டாலும் அந்தச் சட்டி குழந்தையின் பாலுக்கு வேண்டாம். வரவேற்பறையில் வைத்துப் பார்க்க அழகாக இருக்கும். எவர்சில்வர் அல்லது கண்ணாடி போதும். வெள்ளிச் சங்கில் புகட்டுவதற்குத் தடையில்லை. அதில் பால் நிற்பது சில நொடிதான், கொதிநீரில் கழுவிவிட்டால் சரி. செப்புக் குடத்தில் இரவு முழுவதும் வைத்த தண்ணீர் நல்லது என்று யாராவது சொன்னால், அது அவர்களுக்கு நல்லதாக இருக்கட்டும். குழந்தையின் மாவைக் கரைக்க அந்தத் தண்ணீரை எடுக்க வேண்டாம்.

அடுத்தது தண்ணீர், இதில் மாங்கனீசுதான் பேச்சு. தாய்ப்பாலில் லிட்டருக்கு 3 அல்லது 4 மைக்ரோகிராம் மட்டும் உள்ள உலோகம் இது. கைக்குழந்தையின் குடல் அதைப் பெரியவர்களைவிட அதிகமாக ஏற்றுக்கொள்ளும், பித்தத்தின் வழியே வெளியேற்றுவதோ மந்தம். மிகுந்தால் மூளையின் ஆழத்தில், அசைவைக் கட்டுப்படுத்தும் பகுதியில் தங்குகிறது. இரும்பும் மாங்கனீசும் குடலில் ஒரே வாசல் வழியாக நுழைவதால், இரும்பு குறைந்த குழந்தை மாங்கனீசை அதிகமாக உள்ளே இழுக்கும். இந்தியக் குடிநீர்த் தரம் லிட்டருக்கு 0.1 மில்லிகிராமை ஏற்கத்தக்கது என்றும், வேறு தண்ணீர் இல்லாவிட்டால் 0.3 வரை விடலாம் என்றும் சொல்கிறது. உலகச் சுகாதார நிறுவனம் புட்டிப்பால் குடிக்கும் குழந்தையை மனத்தில் வைத்து 0.08 என்று தற்காலிக எல்லை வகுத்திருக்கிறது. லிட்டருக்கு 0.3 மில்லிகிராம் உள்ள தண்ணீரை நாளுக்கு 700 மில்லிலிட்டர் எடுத்துக் குழந்தைக்குப் பால் கரைத்தால், தண்ணீர் வழியாக மட்டும் 210 மைக்ரோகிராம் மாங்கனீசு போகும். தாய்ப்பால் குழந்தை பெறும் 3 மைக்ரோகிராமுக்கு இது எழுபது மடங்கு. மாவில் உள்ளது இதற்கு மேல். உள்ளே போவதெல்லாம் உடலில் தங்குவதில்லை என்றாலும், இந்த இடைவெளியைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க எனக்கு மனம் வரவில்லை.

கொதிக்க வைத்தால் கிருமி சாகும், உலோகம் போகாது. நீர் ஆவியாகி வற்ற வற்ற உலோகத்தின் செறிவு சற்றுக் கூடவே செய்யும். செம்மண்ணும் செம்புறாங்கல்லும் நிறைந்த நம் பூமியில் ஆழ்குழாய்த் தண்ணீரைப் பிடித்து வைத்தால் சில இடங்களில் சிவந்து படிவது இரும்பு. கறுப்பாகப் படிந்தால் மாங்கனீசாக இருக்கக்கூடும். தெளிவாக இருப்பதாலேயே இல்லை என்று சொல்ல முடியாது. பழைய வீடுகளில் முற்றத்துக் கூரையிலிருந்து வழியும் மழைநீரை அண்டாவில் பிடித்துச் சேர்த்தார்கள், ஊருணிக்குக் காவல் போட்டார்கள். காரைக்குடிக்காரர்களுக்குச் சம்பை ஊற்றின் தண்ணீர் என்றால் இன்றும் தனிப் பெருமை. ஆழத்து நீரைவிட மேல் நீர் பெரும்பாலும் உலோகத்தில் இலேசாக இருக்கும், கிருமிக்கு மட்டும் காய்ச்ச வேண்டும். தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தில் தண்ணீரைச் சோதிக்கத் தரும்போது மாங்கனீசையும் பார்க்கச் சொல்லித் தனியாகக் கேளுங்கள். வழக்கமான பட்டியலில் அது இல்லாமலும் போகலாம். முடிவு வரும் வரை ஆர்.ஓ. தண்ணீரைக் காய்ச்சிப் பயன்படுத்தலாம். ஆர்.ஓ. தண்ணீரில் சத்தே இல்லை என்று குறை சொல்வார்கள். ஃபார்முலாவில் வேண்டிய உப்புகள் முன்பே இருப்பதால் இந்த ஒரு வேலைக்கு அது குறையே அல்ல.

இவ்வளவு சொற்பத்தை எப்படி அளக்கிறார்கள் என்று கேட்கிறவர்களுக்காக ஒரு சிறு விலகல். 1948இல் நேரு அடிக்கல் நாட்ட, அழகப்பச் செட்டியார் கொடுத்த 300 ஏக்கர் நிலத்தில் எழுந்த மத்திய மின்வேதியியல் ஆய்வகம் காரைக்குடியில் இருப்பது எல்லோருக்கும் தெரியும். அந்தத் துறையில் ஓர் அழகான முறை உண்டு. தண்ணீரில் கரைந்திருக்கும் காரீயத்தையும் செம்பையும் துத்தநாகத்தையும் மின்சாரத்தால் ஒரு முனையின் மேல் முலாம்போல் படியவைத்து, பிறகு மின்னழுத்தத்தை மாற்றி ஒவ்வொன்றாக உரித்தெடுப்பார்கள். எந்த அழுத்தத்தில் உரிகிறதோ அது உலோகத்தின் பெயரைச் சொல்லும். எவ்வளவு மின்னோட்டம் வருகிறதோ அது அளவைச் சொல்லும். முற்றத்தில் ஈயம் பூசியவர் செய்ததைத் திருப்பிச் செய்வதுபோல என்று மாணவர்களுக்குச் சொல்வேன், அவர்கள் ஈயம் பூசிப் பார்த்திராதவர்கள் என்பதை மறந்து.

மாவைக் கரைக்கும் முறையிலும் உலோகம் கூடும், குறையும். டப்பாவுக்குள் இருக்கும் கரண்டியைத் தலைதட்டி அளக்க வேண்டும். கோபுரமாக அள்ளினால் எல்லாமே கூடிவிடும், மாவை மிச்சம் பிடிக்க நீர்க்கக் கரைத்தால் இரும்பும் துத்தநாகமும் கலோரியும் சேர்ந்து குறையும். ஒரு டப்பாவின் கரண்டியை இன்னொரு டப்பாவுக்குப் போடக்கூடாது. மாவு கிருமியற்றது அல்ல. ஆகவே காய்ச்சிய தண்ணீர் 70 பாகைக்குக் கீழே ஆறும் முன், அதாவது இறக்கி அரை மணி நேரத்துக்குள், கரைத்து, பிறகு ஆறவைத்து, கையில் ஒரு சொட்டு விட்டுப் பார்த்துக் கொடுக்க வேண்டும். மலம் கரும்பச்சையாகப் போனால் அது ஏறாமல் போன இரும்பு, பயப்பட வேண்டியதில்லை.

தாயின் உணவைப் பற்றியும் ஒரு வரி. முருங்கைக் கீரை தின்றால் பாலில் இரும்பு ஊறும் என்பார்கள். பாலிலுள்ள இரும்பு, துத்தநாகம், செம்பு மூன்றும் தாயின் உணவால் பெரிதும் மாறுவதில்லை. செலினியமும் அயோடினும் மாறும். பிள்ளை பெற்றவளுக்குச் சுறாப்புட்டு கொடுக்கும் வழக்கத்தில் அந்த இரண்டும் தற்செயலாக அமைந்துவிடுகின்றன. கீரை உங்கள் இரத்தத்துக்கு நல்லது, அந்தக் காரணத்துக்காகவே சாப்பிடுங்கள்.

நிறைமாதக் குழந்தை பிறக்கும்போது கொண்டுவந்த இரும்பு நான்கு முதல் ஆறு மாதம் வரை வரும். அதற்குப் பிறகு தாய்ப்பாலும் டப்பாவும் மட்டும் போதாது. ஆறாம் மாதம் முடிந்ததும் கேப்பையை ஊறவைத்து முளைகட்டிப் பாலெடுத்துக் காய்ச்சலாம்; ஊறலும் முளையும் ஃபைட்டேட்டைக் குறைக்கும், ஆனால் கேப்பையின் இரும்பு முழுவதும் ஏறிவிடும் என்று நம்பிவிடக் கூடாது. கவிச்சி சாப்பிடும் வீடு என்றால் நன்கு வேகவைத்து மசித்த ஆட்டு ஈரல் வாரத்தில் ஒருமுறை சிறிதளவு, முட்டை மஞ்சள் கரு; சைவ வீடு என்றால் பருப்போடு இரண்டு சொட்டு எலுமிச்சை. தேயிலைத் தண்ணீர் மட்டும் கூடாது. தேசியக் குடும்பநல ஆய்வின் 2019-21 சுற்றில், தமிழ்நாட்டில் ஆறு மாதம் முதல் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் 57.4 விழுக்காட்டினருக்குச் சோகை என்று கண்டார்கள். முந்தைய சுற்றைவிட இது அதிகம். அந்த வயதில் வாரம் இருமுறை தரும் ஒரு மில்லிலிட்டர் இரும்புச் சிரப்பில் 20 மில்லிகிராம் இரும்பு இருக்கிறது. ஏற்கெனவே இரும்பிட்ட பால் குடிக்கும் குழந்தைக்கு அதைத் தொடங்கும் முன் மருத்துவரிடம் டப்பாவைக் காட்டிக் கேளுங்கள். வயிற்றுப்போக்கு வந்தால் உப்பு சர்க்கரைக் கரைசலுடன் 14 நாள் துத்தநாகம் தருவது வழக்கம், ஆறு மாதத்துக்குள் நாளுக்கு 10 மில்லிகிராம், அதற்குமேல் 20. போக்கு நின்றதும் மாத்திரையை நிறுத்திவிடுகிறார்கள், அது தவறு.

எந்த டப்பா என்ற கடைசிக் கேள்விக்குப் பெயர் சொல்ல மாட்டேன், சொல்லவும் தேவையில்லை. 1992ஆம் ஆண்டுச் சட்டமும் 2003ஆம் ஆண்டுத் திருத்தமும் இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளின் உணவுக்கு விளம்பரமே கூடாது என்று தடுத்திருக்கின்றன. கடைக்காரர் ஒன்றைக் காட்டி இதுதான் மூளைக்கு நல்லது என்றால் அவர் சொல்வதை விளம்பரமாகவே எடுத்துக்கொள்ளுங்கள். உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் உரிம எண், பிறந்தது முதல் ஆறு மாதம் வரைக்கான முதல் நிலை என்ற குறிப்பு, காலாவதித் தேதி, ஐந்தால் வகுத்துப் பார்த்த எண்கள் நெறிக்குள் இருப்பது, இவை இருந்தால் விலை மலிந்ததும் விலை உயர்ந்ததும் உலோகத்தில் ஒன்றுதான். காப்பிக்குப் போடும் சாதாரணப் பால் பவுடர் குழந்தைப் பால் அல்ல. மளிகைக் கடையில் இரண்டையும் ஒரே தட்டில் அடுக்கியிருப்பதைப் பார்த்திருக்கிறேன். கடைக்கு ஆளை அனுப்பும்போது பழைய டப்பாவின் மூடியைக் கையில் கொடுத்து அனுப்புங்கள்.